ஒன்று கூட்டி எடுத்த முகம்

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக நான் தமிழ்நாட்டு வழியாகப் போனேன். பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலுள்ள வடகரப்பதியிலிருந்து மலைமேல் சித்திரபுரம் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். காலையில் மலையாளப் பலகை, ஒன்பது மணிக்குத் தமிழ்ப் பலகை, மத்தியானம் மறுபடியும் மலையாளப் பலகை. சின்னாறு சோதனைச் சாவடியில் பேருந்தில் ஏறிய காவலர் எங்கிருந்து வருகிறேன் என்று மலையாளத்தில் கேட்டார். "பாலக்காடு" என்றேன். என் பேச்சில் தமிழ் வாடை அடித்ததும், "பாலக்காடா?" என்று இன்னொரு முறை கேட்டார். எனக்குப் பழகிப்போன கேள்விதான். ரேஷன் கார்டை எடுத்து நீட்டலாமா என்று நினைத்தேன், அதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

என் பையில் இரண்டு கேமரா, எங்கள் காட்டுக் கடலையில் பிடித்த ஒரு டப்பா கடலை உருண்டை, வீட்டுக்காரரின் மஃப்ளர், அப்புறம் ஒரு பென் டிரைவ். பயணமே அந்தப் பென் டிரைவுக்காகத்தான். அதில் கோகிலாவின் கல்யாணப் படங்கள் இருந்தன.

வடகரப்பதியில் பால் சொசைட்டிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பதினான்கு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சீர், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவு எல்லாம் எடுப்பேன். கோயமுத்தூரில் நான் தொழில் பழகிய கடையில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: முகத்துக்கு ஒண்ணு கூட்டு. இவ்வளவு வெளிச்சம் போதும் என்று கேமரா சொன்னால், அதற்கு மேல் ஒரு படி ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். முகம் வெளுப்பாக வரும், வீட்டாருக்குத் திருப்தி. மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா என் காதோரம் வந்து கேட்பதும் அதைத்தான். "அம்மணி, பொண்ணு கொஞ்சம் வெளுப்பா வர்ற மாறி எடு." கேட்காத மாமியாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கோகிலா நல்ல கறுப்பு. களையான முகம், இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. மாசியில் கல்யாணம், ஆவணியில் ஆல்பம் கொடுத்தேன். புரட்டாசியில் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள், வயிற்றில் ஆறு மாதம்.

"விஜயாக்கா, எம்பட தழும்பு எங்கீங்க?"

"கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன் கண்ணு. நல்லா இருக்கட்டும்னுதான்."

"ஏழு வயசுல கெணத்து மேட்டுல உழுந்தனுங்க. எங்கப்பன் என்னையத் தோள்ல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. அப்பன் இப்ப இல்லீங்க. இந்தப் படத்துல இருக்கறது ஆரோ ஒருத்திங்க்கா. எம்புள்ள நாளைக்குப் பாத்தா இது ஆருன்னு கேக்கும்."

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அசல் படத்திலிருந்து தழும்பை மீட்டுத் தர முடியுமா என்று மட்டும் கேட்டாள். புறப்படும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். ஐப்பசிக் கடைசி வெள்ளியில் கட்டுச்சோத்து விருந்து. மாசமாக இருக்கும் பெண்ணுக்குத் தாய்வீட்டுக்காரர்கள் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து ஊட்டிவிட்டு, பிரசவத்துக்குக் கூட்டிப்போகும் எங்கள் பக்கத்துச் சடங்கு. "அதுக்குப் படம் எடுக்கக் கோயமுத்தூர்ல இருந்து ஆளு வெக்கலாம்னு ஊட்ல சொல்றாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க."

அந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சலாகவே இருந்தது. முதலில் அவள் மேல், பிறகு என் மேல். பதினான்கு வருடத்தில் ஒருத்தி கூட என் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. சித்திரபுரத்தில் தினேஷ் என்று ஒருவர் நான்கு நாள் ஃபோட்டோ வகுப்பு நடத்துகிறார், படத்தைச் சுவரில் காட்டித் தோலுரித்துவிடுவார்கள் என்று தொழில்காரர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். உரியட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

அது புதன்கிழமை. மறையூர் தாண்டியதும் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை என்றால் வாசலுக்கு வந்து பார்ப்போம். இங்கே யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. பேருந்தின் வைப்பர் இரண்டு முறை அசைந்துவிட்டு மூன்றாம் முறை கழன்று தேயிலைக்குள் போய் விழுந்தது. நடத்துநர் ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பழைய செய்தித்தாளால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினார். பின்சீட்டில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார்கள். "ஃபோட்டோ அனுப்பினோம். நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம்" என்றாள் ஒருத்தி. "இப்போதெல்லாம் ஃபோட்டோவை யார் நம்புகிறார்கள்?" என்றாள் மற்றவள். என் கேமராப் பையை மடியில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சித்திரபுரத்தில் ஒரு சாயாக்கடையின் மாடியில் தங்கல். வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் குடம்புளி போட்ட மீன் குழம்பும் கொடுத்தார்கள். குழம்பின் காரம் காதுவரைக்கும் ஏறிற்று, குளிருக்கு இதமாக இருந்தது. மறுநாள் முதல் மட்டை என்கிற சிவப்பு அரிசிச் சோறு. அந்த அரிசிக்குப் பாலக்காட்டின் பெயரை வைத்திருக்கிறார்களே தவிர, கிழக்குப் பக்கத்தில் எங்கள் வீடுகளில் பொன்னிதான். கடைக்காரர் நம்பவில்லை. "பாலக்காட்டுக்காரி மட்டை தின்னமாட்டாளாம்" என்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை காலை மின்வாரியக் குடியிருப்பின் பொது அறையில் வகுப்பு. கேரம் பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தினேஷ் வாரியத்தில் ஓவர்சியர், என் வயதுதான் இருக்கும். அவருடைய தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். என்னையும் சேர்த்து ஏழு பேர். என் பக்கத்தில் பீனா டீச்சர், அடிமாலியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், மலையாளத்தில் மட்டும் பேசுவார். எதிரில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிற மணிகண்டன். இவர் எடுக்கும் சூரிய அஸ்தமனத்தில் வானம் மாதுளம்பழ நிறத்தில் இருக்கும்.

தினேஷ் முதலில் எல்லார் கேமராவையும் வாங்கினார். எடுத்த படத்தைத் திருப்பிப் பார்க்கும்போது திரையில் சின்னதாகப் படமும் பக்கத்தில் ஒரு வரைபடமும் வருமல்லவா, அதில் படத்தின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டார். வரைபடம் மட்டும் தெரியும். ஹிஸ்டோகிராம் என்பது அதன் பெயர். பதினான்கு வருடமாக அந்தப் பொத்தான் என் கட்டைவிரலுக்கடியில்தான் இருந்தது. கல்யாண மண்டபத்தில் அதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்?

"இந்தா, இடது சுவரு கும்மிருட்டு. வலது சுவரு வெள்ளச் சுண்ணாம்பு. நடுவுல இருக்கிற மேடுதான் உங்க படம். மேடு எங்கிட்டு வேணும்னாலும் இருக்கட்டும். சுவத்துல போயி முட்டக் கூடாது. முட்டுன எடத்துல ஒண்ணுமே பதியாது" என்றார் தினேஷ். "நாலு நாளைக்குப் படத்தப் பாக்காதீங்க. மேட்டப் பாருங்க."

மத்தியானம் விமரிசனம். அதற்கு இரண்டு சட்டம். படம் சுவரில் விழுந்ததும் எடுத்தவர் ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். 'சூப்பர்', 'அழகு' இரண்டும் தடை. அந்த இரண்டு சொல்லும் போனபின் மணிகண்டனுக்குப் பேச வார்த்தையே இல்லாமல் போயிற்று. எனக்கு ஐந்து நிமிடம் சும்மா இருப்பது ஐந்து நாள் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம்.

அன்று பனிமூட்டத்தில் தேயிலைச் சரிவை எடுத்திருந்தோம். மற்றவர்கள் படத்தில் பனி அழுக்குத் துணி போல வந்திருந்தது. வெள்ளை நிறைந்த இடத்தைப் பார்த்தால் கேமரா மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுமாம். என் படத்தில் மட்டும் பனி வெள்ளையாக, மேடு வலது பக்கம் தள்ளி, சுவரைத் தொடாமல் நின்றது. இதில்தான் காலை நேரம் தெரிகிறது என்று பீனா டீச்சர் மலையாளத்தில் சொன்னார். எப்படித் தெரிந்து கூட்டினீர்கள் என்று தினேஷ் கேட்டார். "தோணுச்சுங்க" என்றேன். பொய். கைப்பழக்கம், அவ்வளவுதான்.

உடனே வீட்டுக்காரரை ஃபோனில் கூப்பிட்டேன். "ஏனுங்க, இங்க என்னையத்தான் எல்லாரும் மெச்சறாங்க."

"அப்பறம் எதுக்குப் புள்ள இன்னும் மூணு நாளு? பஸ் ஏறு. கடலை பறிக்கோணும், ஆளு கெடைக்கமாட்டீங்குது."

"முடிச்சுட்டுத்தான் வருவனுங்க" என்று வைத்துவிட்டேன். பனியைப் பிடித்தாயிற்று, முகம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைப்பு.

வெள்ளிக்கிழமை முகம் எடுக்கப் போனோம். மணிகண்டனின் ஜீப் எங்களை ஒரு எஸ்டேட் சரிவில் இறக்கிவிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் பேச்சியம்மாள் என்பவரிடம் போய்க் கேட்டேன். ஐம்பதைத் தாண்டிய வயது, தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு. கோகிலாவை விடவும் கறுப்பு.

"போட்டாவா? எடு தாயி. டூரிஸ்டுக்காரங்க கேக்காமலே எடுத்துட்டுப் போறாங்க. நீ கேக்கவாவது செய்யுதியே."

பழக்கப்படி ஒன்று கூட்டினேன். நின்றபடி, சிரித்தபடி, கொழுந்தைக் கையில் ஏந்தியபடி இருபது படம். வரைபடத்தைப் பார்த்தேன். மேடு வலது சுவரில் ஏறி நின்றது. பனிக்கு வலது பக்கம் போனது சரியென்றால் இதுவும் சரிதானே என்று விட்டுவிட்டேன். பேச்சியம்மாள் பார்க்க வேண்டும் என்றதால் டேப்பின் ஓரத்தை உரித்துக் காட்டினேன்.

"ஏ முத்துமாரி, இங்கன வந்து பாரு! என்னைய மாவுல பொரட்டி எடுத்திருக்கா இந்தப் புள்ள."

நான்கைந்து பேர் கூடிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சியம்மாள் மறுபடி ஒருமுறை பார்த்தார். இம்முறை சிரிக்கவில்லை.

"எங் கையில கறையை எங்க?"

கொழுந்தின் சாறு பட்டுப்பட்டு அவருடைய விரல்கள் கன்னங்கரேலென்று இருந்தன. படத்தில் கை பளிச்சென்று இருந்தது.

"முப்பது வருசமா கிள்ளுத கை இது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சாலும் போவாது. நீ ஒரு நிமிசத்துல கழுவிட்டியே. வேலைக்கு வராம வீட்ல இருந்தவ கை மாதிரில்லா இருக்கு." அவ்வளவுதான். சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் கேமராவும் கையுமாக நின்றேன்.

மத்தியானம் அதே படம் சுவரில் விழுந்தது. முதலில் பீனா டீச்சர், "இந்த அம்மாவுக்கு நெற்றி இல்லை. புருவம் முடிந்ததும் வெள்ளைச் சுவர் தொடங்கிவிடுகிறது" என்றார். தூள் போட்ட மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். மணிகண்டன்கூட, "அந்த அம்மாவை எனக்குத் தெரியும் சேச்சி. இது அவங்க தங்கச்சின்னு நினைச்சேன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கூர்ல எல்லாரும் இப்படித்தானுங்க கேக்கறாங்க! நீங்க சொல்ற மாறி எடுத்தா ஒரு ஊட்லயும் என்னையக் கூப்பிடமாட்டாங்க."

"அக்கா, அஞ்சு நிமிசம் ஆகல" என்றார் தினேஷ்.

உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் கேட்டேன். ஐந்து நிமிடம் முடிந்ததும் அவர் கேட்டார்: "பேச்சியம்மா கேட்டாங்களா, வெளுப்பா வேணும்னு?"

கேட்கவில்லை. கோகிலாவும் கேட்கவில்லை. மாமியார் கேட்டார், நான் ஏற்றினேன். இத்தனை வருடத்தில் படத்தில் இருக்கப்போகிறவளிடம் நான் ஒரு முறைகூட இதைக் கேட்டதில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாரும் சாயா குடிக்கப் போனபின் பென் டிரைவை தினேஷிடம் நீட்டினேன். முழு விவரமும் சொன்னேன். அவர் கோகிலாவின் அசல் படத்தைத் திறந்து வரைபடத்தைப் பார்த்தார். மேடு வலது சுவரில் அப்பிக்கொண்டிருந்தது. நான் கூட்டியது ஒன்று, ஃபிளாஷ் ஒன்று, வீடியோக்காரரின் விளக்கு ஒன்று. இடம் அடைக்கும் என்று எப்போதும் போல் சுருக்கிய கோப்பாகவே எடுத்திருந்தேன், பின்னால் மீட்க அதில் அதிகம் மிஞ்சாது. தினேஷ் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கன்னம் திரும்பி வந்தது. புடவையின் சரிகை கொஞ்சம் வந்தது. புருவத்துக்கு மேலே வெள்ளையாக இருந்தது சாம்பல் நிறமாக மாறியதே ஒழிய, அதில் கோடு இல்லை, மேடு பள்ளம் இல்லை. இன்னொரு படம், இன்னொன்று என்று பத்துப் பன்னிரண்டு திறந்து பார்த்தோம்.

"இங்க ஒண்ணும் பதியலக்கா. இல்லாதத எங்கேருந்து கொண்டுவர?"

கம்ப்யூட்டரில் நான் அழித்தது வெறும் மிச்சம்தான். தழும்பு மண்டபத்திலேயே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. இந்த வயதில் வகுப்பறையில் உட்கார்ந்து அழுவது வெட்கமாகவும் இருந்தது. தினேஷ் எழுந்து கேரம் காய்களை டப்பாவில் எண்ணிப் போட ஆரம்பித்தார். ஏற்கனவே எண்ணி வைத்த காய்கள்தான்.

மணிகண்டன் சாயாவைக் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலைல உடுமலைப்பேட்டை பஸ் இருக்கு சேச்சி. ஜீப்புல கொண்டு விடட்டுமா?" என்றார்.

"பஸ்ஸுக்கு வேண்டாங்க. பேச்சியம்மா இருக்கற மலைக்கு விடுங்க" என்றேன். போனதை மீட்க முடியாது, சரி. அடுத்ததையும் விட்டுவிட்டு ஊருக்குப் போனால் கோகிலா முகத்தில் எப்படி முழிப்பது?

சனிக்கிழமை ஜீப் பாதி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. மணிகண்டன் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஜீப் நகரவில்லை, சேறு மட்டும் என் மேல் தாராளமாக நகர்ந்தது. ஒரு படத்துக்கு ஏன் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று என்னை நானே திட்டிக்கொண்டு நடந்தேன். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியிருந்ததை மேலே போய்த்தான் பார்த்தேன். எங்கள் செம்மண் காட்டில் தேள் உண்டு, பாம்பு உண்டு. இப்படிக் கேட்காமல் ரத்தம் குடிக்கிற ஜாதி கிடையாது.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "ஒரு தடவ எடுத்தது போதும் தாயி."

"தப்பா எடுத்துட்டனுங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"சொல்லிட்டேல்லா. கெளம்பு."

கிளம்பவில்லை. வரிசை முடிவில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டேன். யாரையும் எடுக்கவில்லை. டேப் ஒட்டிய கேமராவில் என் இடது கையையே எடுத்துக் கொண்டிருந்தேன். ஒன்று கூட்டி ஒன்று, கூட்டாமல் ஒன்று, குறைத்து ஒன்று. என் கையும் கறுப்புதான். கூட்டினால் மேடு வலது பக்கம் ஓடியது. குறைத்தால் இடது பக்கம் சாய்ந்து நின்றது. கறுப்புத் தோல் நிறையத் தெரிந்தால் கேமரா இருட்டு என்று நினைத்துத் தானாகவே வெளிச்சத்தை ஏற்றிவிடும், பனியில் பண்ணியதற்கு நேர் எதிர். அதன் மேல் நான் வேறு ஒன்று ஏற்றியிருக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு வருடமும் ஒரு அட்டைக்கடியும் தேவைப்பட்டிருக்கிறது.

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் தூக்குவாளியைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "இன்னுமா இருக்க? சாப்பிட்டியா?"

இல்லை என்றேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் வாளி மூடியில் வைத்துத் தந்தார். நான் கடலை உருண்டையை நீட்டினேன். ஒன்றைக் கடித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு, நல்லாருக்கு" என்றார். எதற்காக இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டார். கோகிலா, தழும்பு, அவளுடைய அப்பா, கட்டுச்சோத்து விருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

"சரி எடு. நான் திங்கும்போதே எடு. திரும்ப வேலைக்கு ஆள் கூட்டப் பிரட்டு மணி அடிச்சா எந்திரிச்சிருவேன்."

கேமராவைத் தூக்கினேன். விரல் தானாகக் கூட்டும் பக்கம் போயிற்று. இழுத்து நிறுத்தி, ஒன்றைக் குறைத்தேன். எடுத்துப் பார்த்தால் மேடு இடது சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. தலைத்துண்டின் நிழல் கண்ணை விழுங்கியிருக்க வேண்டும். இந்தப் பக்கச் சுவரும் சுவர்தான். அப்போது மழைத் தூறல் விழ, பேச்சியம்மாள் காலியான வெள்ளை உரச்சாக்கு ஒன்றை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். அந்த வெள்ளையில் பட்ட வெளிச்சம் கீழேயிருந்து அவர் முகத்தில் ஏறியது. கண் தெரிந்தது. வாய் அருகே இருந்த கோடு தெரிந்தது. சோற்றைப் பிசைந்த விரல்கள் சாக்கின் மேல் கறுப்பாக, கறையோடு இருந்தன. நான்கு படம் எடுத்தேன். மேடு இடது பாதியில், எந்தச் சுவரையும் தொடாமல் உட்கார்ந்திருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

டேப்பை உரித்துக் காட்டினேன். பேச்சியம்மாள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கேமராவைத் தானே வாங்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கறை இருக்கு" என்றார். திரையைக் கண்ணருகே கொண்டுபோய், "வாய்ப் பக்கம் இந்தக் கோடு எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார். பதிலும் அவரே சொல்லிக்கொண்டார். "வயசாயிட்டுல்லா. சரி போ. நான்தான்." எழுந்து சாக்கை உதறிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு வேணும்னா இதக் காட்டு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி விமரிசனம். என் படம் சுவரில் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டேன், இம்முறை சிரமப்படாமல். பீனா டீச்சர் எழுந்து சுவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் கறை அதிகம், சுண்டுவிரலில் இல்லை, அந்த விரல் கிள்ளுவதில்லை போலும் என்று சொன்னார். தூக்குவாளியின் கைப்பிடியை ஓரத்தில் வெட்டிவிட்டேன் என்று இன்னொருவர் சொன்னார். உண்மைதான், வெட்டியிருந்தேன். கலரைக் கொஞ்சம் ஏற்றலாமே என்றார் மணிகண்டன், நான்கு நாளும் அவர் சொன்ன ஒரே யோசனை. தினேஷ் வரைபடத்தைக் காட்டி, "முட்டல" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

பேருந்து ஏறுமுன் கோகிலாவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். ஆல்பத்தைச் சரி செய்ய முடியாது, தழும்பு அதில் பதியவே இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். கூடவே பேச்சியம்மாளின் படம். சின்னாறு காட்டில் சிக்னல் கிடையாது. காட்டைக் கடக்கும்வரை ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "அவசரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அமராவதி அணை தெரிகிற இடத்தில் பதில் வந்தது.

"அக்கா, அந்தம்மா கைக் கறையக் கழுவாமயே எடுத்திருக்கறீங்க." நடுவில் எங்கோ மாடு கத்துகிற சத்தம். "வெள்ளிக்கெழம ஒம்பது மணிக்கு வந்துருங்க. எங்கம்மா சோறு கட்டிக்கிட்டு அந்நேரத்துக்கு வந்துருவாங்க."

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே போய்விட்டேன். பந்தலில் கேமராவை எடுக்கும்போதே மாமியார் காதோரம் வந்தார். "அம்மணி, போன தடவ மாறியே வெளுப்பா எடுத்துப்போடு. மாசமா இருக்கறதுல இன்னும் கறுத்துக் கெடக்கறா."

நான் வாய் திறக்கவில்லை. பதில் சொல்லாமல் நிற்கச் சித்திரபுரத்தில் நன்றாகப் பழகியிருந்தது. கோகிலாவிடம் போய், "எப்படி வேணும் கண்ணு?" என்று கேட்டேன். "இருக்கற மாறி வேணுங்க்கா" என்றாள்.

வீடியோ விளக்கை அணைக்கச் சொன்னேன். ஒன்றைக் குறைத்தேன். அம்மா அவளுக்கு முதல் கவளம் புளிச்சோறு ஊட்டினார். அவள் மடியில் வெள்ளை வேட்டி ஒன்றை விரிக்கச் சொல்லியிருந்தேன், எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. எடுத்துவிட்டு, டேப்பை இன்னும் உரிக்காத திரையில் மேட்டைப் பார்த்தேன். எதிலும் முட்டவில்லை.

"காட்டுங்க்கா" என்றாள் கோகிலா. கேமராவை அவள் கையில் கொடுத்தேன். டேப்பை அவளே உரித்தாள். பார்த்தபடி இடது கையைத் தூக்கித் தன் புருவத்துக்கு மேலே தடவினாள். பிறகு அதே விரலைத் திரையில் வைத்தாள். அவளுடைய அம்மா எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கோகிலா அழவில்லை. பந்தலின் அந்தப் பக்கம் இலை போட்டுக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, இங்க வாங்க. இந்தப் படத்துல நான் வந்திருக்கறனுங்க, பாருங்க."